கருவியும் கவனமும்

நுழையும் முன்

இக்காலத்து மகிழுந்து தானே வழி பார்க்கிறது. ஆபத்து நெருங்கினால் எச்சரிக்கிறது. தேவைப்படின் தானே பிரேக் பிடிக்கவும் செய்கிறது. அவ்வாறாயின் அதில் செல்வோர் செய்ய வேண்டியது ஏதும் இல்லையா? இவ்வினாவிற்கு விடை கூறுகிறது இப்பாடம்.

ஒரு நொடியின் விலை

மார்கழி, தை மாதங்களில் தில்லியை அடர்ந்த மூடுபனி சூழ்கிறது. விடியற்காலையில் எதிரே வரும் வண்டியின் விளக்கும் மங்கலாகவே தெரியும். விடுமுறையில் ஆக்ராவுக்குப் புறப்படும் குடும்பங்கள் பல, கிரேட்டர் நொய்டாவில் தொடங்கும் யமுனை விரைவுச் சாலை வழியே செல்கின்றன. 2012 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இச்சாலை 165 கிலோமீட்டர் நீளமுடையது. இதில் மகிழுந்துகளுக்கு மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது வேக வரம்பு. மூடுபனிக் காலத்தில் அது 75 ஆகக் குறைக்கப்படுகிறது.

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டரைக் கடக்கிறது. ஆபத்தைக் கண்ட ஓட்டுநரின் கால் பிரேக்கை அழுத்த ஒரு நொடியேனும் ஆகும் என்று கொண்டால், வேகம் குறையத் தொடங்கும் முன்பே 28 மீட்டர் கடந்துவிடும். 75 கிலோமீட்டர் வேகத்தில் அத்தொலைவு 21 மீட்டராகக் குறைகிறது. மேலும், வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தொலைவு நான்கு மடங்காகும்.

உதவும் கருவிகள்

அந்த ஒரு நொடியை மிச்சப்படுத்தவே ஓட்டுநர் உதவிக் கருவிகள் உருவாயின. முன்கண்ணாடியின் உட்புறம் பொருத்தப்பட்ட கேமரா, சாலைக் கோடுகளையும் மனிதர்களையும் வண்டிகளையும் அடையாளம் காண்கிறது. முகப்பில் உள்ள ரேடார் அலைகளை அனுப்பி, அவை பட்டுத் திரும்புவதைக் கொண்டு முன்செல்லும் வண்டியின் தொலைவையும் வேகத்தையும் அளக்கிறது. மோதல் நேரும் எனக் கணினி உணர்ந்தால் முதலில் ஒலியெழுப்பும். ஓட்டுநர் செயற்படாவிடில் தானே பிரேக்கை இயக்கும். செங்கல்பட்டை அடுத்துள்ள மகிந்திரா ஆய்வு மையத்தில் உருவாக்கப்பட்டு, 2021 ஆம் ஆண்டில் அறிமுகமான எக்ஸ்யுவி 700 மகிழுந்தின் உயர் வகைகளில் இக்கருவிகள் உள்ளன.

எனினும் இவற்றுக்கும் எல்லை உண்டு. கேமராவும் மனிதக் கண் போன்றதே. அடர்பனியும் கண்ணாடியில் படிந்த சேறும் அதன் பார்வையை மறைத்துவிடும். ரேடாரின் அலைகள் பனியை ஊடுருவும். ஆனால் எதிரே இருப்பது இன்னதெனத் தெளிவாக அறிய ரேடார் மட்டும் போதாது. கோடுகள் அழிந்த தெருக்களும், திடீரெனக் குறுக்கிடும் மாடும் மிதிவண்டி ரிக்‌ஷாவும் கருவியைத் தடுமாறச் செய்யலாம். ஆகவே, இவை ஓட்டுநருக்கு உதவி மட்டுமே. ஓட்டுநருக்கு மாற்று அல்ல.

பின்னிருக்கையில் இருப்போர்

வண்டி திடீரென நின்றாலும் உள்ளிருப்போரின் உடல் அதே வேகத்தில் முன்னோக்கிச் செல்லும். அதைத் தடுத்து நிறுத்துவது சீட் பெல்ட் எனப்படும் இருக்கைப் பட்டை. தோளையும் இடுப்பையும் அணைக்கும் இன்றைய பட்டையை 1959 இல் சுவீடன் நாட்டின் வோல்வோ நிறுவனப் பொறியாளர் நில்ஸ் போலின் வடிவமைத்தார். பிற நிறுவனங்களும் அதனைப் பயன்படுத்த அந்நிறுவனம் இசைந்தது. காற்றுப்பையும் பட்டை அணிந்தவரையே நன்கு காக்கும்.

2022 செப்டம்பர் 4 அன்று மகாராட்டிர மாநிலம் பால்கர் மாவட்டத்தில் நிகழ்ந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்தார். பின்னிருக்கையில் இருந்த அவரும் உடன் இருந்தவரும் பட்டை அணிந்திருக்கவில்லை எனக் காவல்துறை தெரிவித்தது. அவ்விருவரும் மாண்டனர், முன்னிருக்கையில் இருந்த இருவரும் காயங்களுடன் பிழைத்தனர். பத்து நாள்களுக்குப் பின், தில்லிப் போக்குவரத்துக் காவல்துறை பாரகம்பா சாலையில் பின்னிருக்கைப் பயணிகளைச் சோதிக்கத் தொடங்கியது. பட்டை அணியாதவருக்கு 1000 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. விதி முன்பே இருந்தது. அதனைப் பின்பற்றியவர்தாம் மிகச் சிலர். 14 வயது நிறையாத சிறாரைப் பட்டையோ சிறார் இருக்கையோ இன்றி அழைத்துச் செல்லும் ஓட்டுநருக்கும் அதே தண்டம் உண்டு.

2019 சூலை முதல் புதிய மகிழுந்துகளில், முன்னிருக்கையில் இருப்பவர் பட்டை அணியாவிடில் ஒலிக்கும் கருவி கட்டாயமாயிற்று. பின்னிருக்கைக்கு அத்தகைய ஒலி இல்லாத வண்டிகள் இன்றும் பல ஓடுகின்றன. அவற்றில் தாத்தா பாட்டிக்கும் தம்பி தங்கைக்கும் நினைவூட்ட வேண்டியவர்கள் உடன் செல்லும் பிள்ளைகளே. கருவிகள் வாங்கப் பெரும்பொருள் வேண்டும். பட்டையை மாட்ட ஒரு நொடி போதும்.

சொல்லும் பொருளும்

மூடுபனி – பார்வையை மறைக்கும் அடர்ந்த பனி
ஊடுருவுதல் – உள்ளே புகுந்து செல்லுதல்
தண்டம் – அபராதம்
இசைதல் – உடன்படுதல்

சிந்தனை வினாக்கள்

1. மூடுபனிக் காலத்தில் யமுனை விரைவுச் சாலையின் வேக வரம்பு குறைக்கப்படுவது ஏன்?
2. கேமராவும் ரேடாரும் ஒன்றுக்கொன்று எவ்வாறு துணைபுரிகின்றன?
3. “பின்னிருக்கையில் பட்டை எதற்கு?” என்று கேட்கும் உறவினருக்குக் கூறும் விடையை ஐந்து தொடர்களில் எழுதுக.