பல் முளைக்காத குழந்தைக்கு வியர்க்கிறதா?

பால் பல் சற்றுத் தாமதமாக முளைப்பது பெரிய விஷயமல்ல. ஆறாம் மாதம் வர வேண்டியது பத்தாம் மாதம் வந்தாலும் கவலை வேண்டாம். ஆனால், ஒன்றரை வயதாகியும் ஒரு பல்கூட இல்லை, அல்லது முளைத்த ஓரிரண்டும் ஆணி போலக் கூராக இருக்கின்றன, தலைமுடியும் மெலிந்து அடர்த்தியின்றி இருக்கிறது என்றால், பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: பிள்ளைக்கு வியர்க்கிறதா?

பல், முடி, வியர்வைச் சுரப்பி எல்லாம் கருவில் வெளிப்படலத்திலிருந்தே உருவாகத் தொடங்குகின்றன. அதற்கான மரபணு ஒன்று பழுதானால் எல்லாமே குறைபடும். மருத்துவர்கள் இதை ‘எக்டோடெர்மல் டிஸ்ப்ளேசியா’ என்பார்கள். அரிய குறைபாடுதான். அறிவு வளர்ச்சியை இது பொதுவாகப் பாதிப்பதில்லை.

பல் இல்லாததைவிட வியர்வை இல்லாததே ஆபத்து. வெக்கையில் உடற்சூடு வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போகும். வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். காய்ச்சல் என்று நினைத்து மருந்து கொடுப்பார்கள். வெக்கையால் ஏறிய சூடு பாராசிட்டமாலுக்கு இறங்காது. நிழலுக்குக் கொண்டுபோய், ஈரத்துணியால் உடலைத் துடைத்து, விசிறிவிட வேண்டும். அப்படியும் இறங்காவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பள்ளிக்கூடத்திலும் மதரஸாவிலும் உஸ்தாதுமார்களிடம் முன்கூட்டியே சொல்லி, மின்விசிறிக்குக் கீழே இடம் கேளுங்கள்.

சிந்து மாகாணத்துக் குடும்பம் ஒன்றில் நான்கு தலைமுறைகளாகப் பத்து ஆண்களுக்கு இக்குறை இருந்ததை டார்வின் 1875இல் வெளியான தம் நூற்பதிப்பில் எழுதியுள்ளார். பெண்களுக்குக் குறை தெரியவில்லை. ஆனால் அவர்களின் மகன்களுக்கு வந்தது. காரணம், பெரும்பாலும் இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதைச் சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் குறை வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. இதை வைத்து மருமகளைக் குற்றம் சொல்வது அநியாயம். அவளுக்கே தெரியாமல் வந்தது அது. சில குடும்பங்களில் பழுது புதிதாகவும் தோன்றுகிறது.

பல்லுக்கு வழி இருக்கிறது. மூன்று வயதளவிலேயே சிறு பல்செட் பொருத்தலாம். தாடை வளர வளர மாற்ற வேண்டும். கூர்ப்பல்லைப் பூச்சு வைத்துச் சீராக்கலாம். நிரந்தரமாகப் பதிக்கும் பல் பொதுவாகத் தாடை வளர்ச்சி முடிந்த பிறகுதான். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பல் பிரிவு உண்டு. போகும்போது தாயின் பற்களையும் பார்க்கச் சொல்லுங்கள். ஓரிரு பல் குறைந்திருப்பதோ சிறுத்திருப்பதோ நோயை உறுதிசெய்ய உதவும்.