ஒரு கீபோர்டு, நான்கு மாணவர்கள்: மிடி மண்டலங்களை அமைக்கும் முறை

கலைத் திருவிழாவுக்கோ ஆண்டு விழாவுக்கோ குழுப்பாடல் தயார் செய்யும்போது நம்மில் பலரும் சந்திக்கும் சிக்கல் ஒன்று உண்டு. பங்கேற்க இருபது பிள்ளைகள் முன்வருவார்கள். கருவியோ ஒன்றே ஒன்றுதான் இருக்கும். வெளியில் பயிற்சி பெற்ற ஒரு மாணவர் அதை வாசிப்பார். மற்றவர்கள் கைதட்டுவதோடு சரி.

அந்தக் கருவி மிடி கீபோர்டாக இருந்தால், அதையே நான்கு கருவிகளாகப் பிரித்து நான்கு பேரிடம் கொடுக்கலாம். அதற்கு மண்டலம், கட்டுப்படுத்தி என்னும் இரண்டு வகை அமைப்புகளைப் புரிந்துகொண்டால் போதும். நான் கற்பிப்பது கணிதம். இசையை முறையாகக் கற்றதில்லை. எண்களைக் கையாளத் தெரிந்த எந்த ஆசிரியரும் இதைச் செய்துவிட முடியும் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

கருவி அனுப்புவது எண்களை மட்டுமே

மிடி கீபோர்டு தானாக ஒலி எழுப்புவதில்லை. ஒரு கட்டையை அழுத்தினால், எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எந்தச் சேனலுக்குரியது என்ற செய்தியை யு.எஸ்.பி. கம்பி வழியே கணினிக்கு அனுப்பும். கணினியில் உள்ள இசை மென்பொருள் அதைப் படித்து ஒலியாக மாற்றும். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்காக 1983இல் வந்த பொது விதிமுறையே மிடி. இன்றும் பெரும்பாலான கருவிகள் அதைப் பின்பற்றுகின்றன.

இந்தச் செய்திகளில் வரும் மதிப்புகள் பெரும்பாலும் 0 முதல் 127 வரை இருக்கும். ஏழு பிட்களில் எழுதக்கூடிய எண்கள் 128 என்பதே காரணம். நடு ஸ்தாயி சி கட்டையின் எண் 60. 61 கட்டைகள் கொண்ட கீபோர்டில் இடக்கோடிக் கட்டை பொதுவாக 36, வலக்கோடிக் கட்டை 96. சேனல்கள் மொத்தம் 16. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவியின் ஒலியே அமையும். எனவே நான்கு வகை ஒலி வேண்டுமென்றால் நான்கு சேனல்கள் வேண்டும்.

மண்டலம் என்றால் என்ன?

கட்டைகளின் வரிசையில் “இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை” என்று எல்லை வகுத்து, அந்தப் பகுதிக்குத் தனிச் சேனலும் தனி ஒலியும் கொடுப்பதே மண்டலம். ஒவ்வொரு மண்டலத்துக்கும் கீழ் எல்லை, மேல் எல்லை, சேனல், ஒலி எண், சுருதி மாற்றம் ஆகிய ஐந்தையும் குறிக்க வேண்டும். மெனுவின் பெயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறினாலும் இந்த ஐந்தும் ஏதோ ஒரு பெயரில் இருக்கும். வாங்கும் முன் எத்தனை மண்டலங்கள் உள்ளன என்று கேட்டுக்கொள்ளுங்கள். எளிய மாடல்கள் சிலவற்றில் மண்டல வசதியே இருக்காது.

61 கட்டைக் கருவிக்கு நான் பயன்படுத்தும் அமைப்பு இது. ஒலி எண்கள் ஜெனரல் மிடி பட்டியல்படி தரப்பட்டுள்ளன.

மண்டலம் 1: கட்டை 36 முதல் 46 வரை, சேனல் 10, தாளக் கருவிகள்.
மண்டலம் 2: கட்டை 48 முதல் 55 வரை, சேனல் 1, செல்லோ (ஒலி எண் 43).
மண்டலம் 3: கட்டை 60 முதல் 72 வரை, சேனல் 2, புல்லாங்குழல் (ஒலி எண் 74).
மண்டலம் 4: கட்டை 84 முதல் 96 வரை, சேனல் 3, மரிம்பா (ஒலி எண் 13), இரண்டு ஸ்தாயி கீழே, அதாவது −24.

ஜெனரல் மிடி விதிப்படி சேனல் 10 தாளத்துக்கு உரியது. நான்காம் மண்டலத்தை 24 அரைச்சுரம் இறக்குவதால் 84ஆம் கட்டை 60ஆக ஒலிக்கும். குழல் வாசிக்கும் மாணவரும் மரிம்பா வாசிக்கும் மாணவரும் ஒரே பாட்டை ஒரே ஸ்தாயியில் மாறிமாறி வாசிக்கலாம். செல்லோ மாணவருக்கு ஸ, ப என்ற இரண்டு சுரங்களே வேலை: 48, 55. தம்புராவின் இடத்தை அது நிரப்பும்.

மண்டலங்களுக்கு இடையே சில கட்டைகள் எதிலும் சேராமல் இருப்பதைக் கவனியுங்கள். இவை வேண்டுமென்றே விடப்பட்டவை. பக்கத்து மாணவரின் கை தவறி வந்தாலும் அங்கே ஒலி எழாது. எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் ஒரே கட்டையில் இரண்டு ஒலிகள் சேர்ந்து வரும். அதைத் திட்டமிட்டுச் செய்தால் அழகு. தெரியாமல் நேர்ந்தால் குழப்பம்.

ஒலி எண்ணில் ஒரு நுணுக்கம் உண்டு. சில கருவிகள் 1 முதல் 128 வரை எண்ணும்; சில 0 முதல் 127 வரை எண்ணும். புல்லாங்குழலுக்கு 74 கொடுத்து வேறு ஒலி வந்தால் 73 கொடுத்துப் பாருங்கள்.

சுருதியைக் கட்டைக் கணக்கில் மாற்றுதல்

நம் பாடகர்கள் ஒரு கட்டை, ஐந்து கட்டை என்று சுருதியைச் சொல்வது ஆர்மோனியக் கட்டைகளின் வரிசையை வைத்துத்தான். சி என்பது ஒரு கட்டை. ஜி என்பது ஐந்து கட்டை. இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை எனப் பெயர் பெறும். மூன்றுக்கும் நான்குக்கும் இடையே கறுப்புக் கட்டை இல்லாததால் மூன்றரை என்பது இல்லை.

பிள்ளைகள் வெள்ளைக் கட்டைகளில் சி-யை ஸ எனக் கொண்டு பழகியிருப்பார்கள். பாடுபவருக்கோ ஐந்து கட்டை பொருந்தும். விரல்களை மாற்றத் தேவையில்லை. சுருதி மாற்றத்தை +7 என்றோ −5 என்றோ வைத்தால் போதும். இரண்டிலும் ஸ வருவது ஜி-யில்தான். ஸ்தாயி மட்டும் வேறு. பாடுபவரின் குரலோடு எது சேர்கிறது என்று காதால் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இதைக் கருவி முழுவதற்கும் பொதுவாக மாற்றாமல், 2, 3, 4ஆம் மண்டலங்களில் மட்டும் மாற்ற வேண்டும். தாள மண்டலத்தில் ஒவ்வொரு எண்ணும் ஒரு தனிக் கருவி: 36 பேஸ் டிரம், 38 ஸ்னேர், 42 மூடிய ஹை-ஹாட். பொதுவாக +2 ஏற்றினால் பேஸ் டிரம் கட்டையில் ஸ்னேர் ஒலிக்கும், தாளமே மாறிப்போகும்.

கட்டுப்படுத்திகள்

ஸ்லைடர், குமிழ், பெடல், பொத்தான் ஆகியவை கட்டுப்படுத்திகள். இவை அனுப்பும் செய்திகளுக்கும் எண்கள் உண்டு. அடிக்கடி தேவைப்படுபவை சில: 1 மாடுலேஷன், 7 ஒலியளவு, 10 இட-வலப் பகிர்வு, 11 வாசிப்பின் ஏற்ற இறக்கம், 64 சஸ்டெயின், அதாவது ஒலியை நீட்டித்தல். ஒவ்வொரு கட்டுப்படுத்திக்கும் எண், சேனல், குறைந்த மதிப்பு, அதிக மதிப்பு ஆகியவற்றைக் குறிக்கலாம்.

நான்கு ஸ்லைடர்களுக்கும் எண் 7 கொடுத்து, சேனலை மட்டும் 10, 1, 2, 3 என மாற்றினால் ஒவ்வொரு மாணவரின் ஒலியளவும் தனித்தனியே உங்கள் கையில் வந்துவிடும். தாளத்தின் அதிக மதிப்பை 127க்குப் பதில் 90 என வையுங்கள். ஸ்லைடரை முழுவதும் தள்ளினாலும் தாளம் பாட்டை மூழ்கடிக்காது. ஸ்லைடரை அசைக்கும்போதுதான் அது செய்தி அனுப்பும் என்பதால், தொடங்கும் முன் நான்கையும் ஒருமுறை அடிவரை இறக்கிப் பிறகு ஏற்றுங்கள்.

சஸ்டெயின் செய்தியைச் சேனல் 1க்கு மட்டும் கொடுங்கள். எல்லாச் சேனல்களுக்கும் போனால் குழலின் சுரங்களும் நீண்டு ஒன்றோடொன்று கலந்துவிடும். இதற்குப் பெடலுக்குப் பதில் ஒரு பொத்தானையும் அமைக்கலாம். பொத்தானை ‘டாகிள்’ முறையில் வைத்தால், ஒருமுறை தொட்டால் 127, மறுமுறை தொட்டால் 0. எண் 64இல் 63 வரை ‘இல்லை’, 64 முதல் ‘ஆம்’ என்று பொருள்.

இந்தச் சிறிய அமைப்பு ஒரு பிள்ளைக்குப் பெரிய வாய்ப்பாக அமையும். விரல்களில் வலு குறைந்த மாணவரால் கட்டையை நெடுநேரம் அழுத்திப் பிடிக்க இயலாது. பொத்தானைத் தொட்டுவிட்டு ஸ கட்டையை ஒருமுறை தட்டினால் போதும். செல்லோ தொடர்ந்து ஒலிக்கும். ப-வுக்கு மாறும் முன் பொத்தானை அணைத்து, மறுபடி இயக்க வேண்டும். எந்த இடத்தில் மாறுவது என்பதை அவர் பாட்டைக் கேட்டே முடிவு செய்வார். அவர் வாசிக்கும் சுருதியின் மேல்தான் மற்ற மூவரும் நிற்கிறார்கள். இது இரக்கத்துக்காகக் கொடுத்த பங்கு அல்ல.

அழுத்தும் வேகத்தையும் இப்படியே அமைக்கலாம். தொடக்க வகுப்புப் பிள்ளைகளின் தொடுதல் சீராக இராது. முதல் சில நாட்களுக்கு வேகத்தை 100 என நிலையாக வைத்தால் எல்லாச் சுரங்களும் தெளிவாகக் கேட்கும். கை பழகியபின் அதை நீக்கிவிடுங்கள். இல்லையெனில் மென்மையாகவும் அழுத்தமாகவும் வாசிக்கும் வேறுபாட்டை அவர்கள் கற்க மாட்டார்கள்.

மேடைக்கு முன்

அமைத்ததைக் கருவியின் நினைவகத்தில் சேமிக்காவிட்டால் மின்சாரம் போனதும் அழிந்துபோகலாம். சேமித்த எண்ணையும் நான்கு மண்டலங்களின் மதிப்புகளையும் ஒரு தாளில் எழுதிக் கருவியின் அடியில் ஒட்டுங்கள். நீங்கள் மாறுதலாகிப் போனாலும் அடுத்து வரும் ஆசிரியருக்கு அது உதவும். மண்டல எல்லைகளில் வண்ண ஸ்டிக்கர் ஒட்டினால் பிள்ளைகளே தங்கள் இடத்தைக் கண்டுகொள்வார்கள். கருவியை இயக்கும்போது பெடலை மிதித்திருக்க வேண்டாம். பல கருவிகள் அந்த நிலையையே ‘மிதிக்காத நிலை’ என எடுத்துக்கொள்ளும். ஏதேனும் ஒரு சுரம் நிற்காமல் ஒலித்தால் எல்லாச் சுரங்களையும் நிறுத்தும் செய்தி எண் 123. அதை ஒரு பொத்தானில் தயாராக வைத்திருங்கள்.

கீபோர்டால் ஆகாததும் உண்டு. கட்டைகள் நிலையான சுரங்களையே தரும், கமகம் வராது. பிட்ச் பெண்ட் சக்கரம் சுரத்தைச் சற்று வளைக்குமே தவிர, பாடிக் காட்டும் இசை ஆசிரியரின் குரலுக்கு ஈடாகாது. ஆகவே எளிய நாட்டுப்புற மெட்டுகளையும் குழுப்பாடல்களையும் இதற்குத் தேர்ந்தெடுங்கள்.

மேலே சொன்ன எண்களை ஒரு தொழில்நுட்பப் பணியாளரும் அமைத்துத் தருவார். ஆனால் எந்தப் பிள்ளைக்கு எத்தனை கட்டை, யாருக்கு எந்த ஒலி, யாருக்குப் பொத்தான் வேண்டும் என்பது வகுப்பை அறிந்தவருக்கே தெரியும். முதலில் இரண்டு மண்டலங்களோடு தொடங்குங்கள்: ஒருவருக்குச் சுருதி, ஒருவருக்குப் பாட்டு. ஒரு பாடவேளை போதும்.