டிரம் ஒலிவாங்கித் தொகுப்பு

டிரம் ஒலிவாங்கித் தொகுப்பு என்பது, டிரம் செட்டின் ஒலியை மேடையில் பெருக்கவோ பதிவு செய்யவோ ஒன்றாகப் பயன்படுத்தப்படும் பல மைக்குகளின் தொகுதியாகும். ஒரு பாடகருக்கு ஓர் ஒலிவாங்கி போதும். டிரம் செட்டோ பல கருவிகள் சேர்ந்த ஒரு கருவி. அதன் ஒவ்வொரு பகுதிக்கும் சுருதியும் உரப்பும் வேறு. எனவே ஒலிவாங்கிகளும் வெவ்வேறு தன்மை உடையனவாக அமைகின்றன.

மூன்று முதல் எட்டு வரையிலான ஒலிவாங்கிகள் அடங்கிய பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. எண்ணிக்கை கூடினால் ஒலியின் தரமும் கூடும் என்று எண்ணி வாங்குவது பரவலாகக் காணப்படும் தவறு. எங்கே வாசிக்கப்படுகிறது, மிக்சரில் எத்தனை உள்ளீடுகள் உள்ளன என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை கண்ட பிறகே தொகுப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

டிரம் செட்டின் பகுதிகள்

காலால் மிதித்து ஒலிக்கப்படும் பெரிய டிரம் பேஸ் டிரம் அல்லது கிக் எனப்படும். அதன் ஆழ்ந்த ஒலி ஏறத்தாழ 50 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களில் அமையும். ஸ்னேர் டிரம்மின் அடிப்பகுதியில் கம்பிச் சுருள்கள் பொருத்தப்பட்டிருப்பதால் அது 'சர்' என்ற கூர்மையான ஒலியைத் தரும். டாம் டிரம்கள் அளவுக்கு ஏற்பச் சுருதி மாறுபவை. ஹை-ஹாட்டும் சிம்பல்களும் உலோகத் தட்டுகள். அவற்றின் ஒலி 10,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் பரவும்.

ஒலிவாங்கியின் வகைகள்

டைனமிக் ஒலிவாங்கியில், ஒலி பட்டதும் மெல்லிய சவ்வுடன் இணைந்த கம்பிச்சுருள் காந்தப்புலத்தில் அசைந்து மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. இது உறுதியானது, பலத்த அடியின் ஒலியையும் தாங்கும். ஆகவே கிக், ஸ்னேர், டாம் ஆகியவற்றுக்கு அருகில் வைக்க ஏற்றது. 1965இல் அறிமுகமான ஷூர் எஸ்எம்57 இன்றும் ஸ்னேருக்குப் பரவலாகப் பயன்படுகிறது. 1960இல் வந்த சென்ஹைசர் எம்டி 421 டாம்களுக்குப் பெயர் பெற்றது.

கண்டன்சர் எனப்படும் மின்தேக்கி ஒலிவாங்கி நுண்ணிய ஒலிகளையும் மிக உயர்ந்த அதிர்வெண்களையும் தெளிவாகப் பிடிக்கும். சிம்பல்களுக்கு மேலே வைக்க இதுவே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்படுகிறது. இதற்கு மிக்சரிலிருந்து 48 வோல்ட் மின்னழுத்தம் செல்ல வேண்டும். அந்த வசதி இல்லாத மிக்சரில் இவ்வகை ஒலிவாங்கி வேலை செய்யாது.

பாடகர்களுக்கான ஒலிவாங்கிகளில் தாழ்ந்த அதிர்வெண்கள் வேண்டுமென்றே குறைக்கப்பட்டிருக்கும். அவற்றைக் கிக்குக்கு வைத்தால் 'டப்' என்ற தட்டும் ஒலி மட்டுமே கேட்கும், ஆழம் வராது. கிக்குக்கென்றே செய்யப்பட்ட ஷூர் பீட்டா 52ஏ 20 ஹெர்ட்ஸிலிருந்தே ஒலியைப் பிடிக்கும். ஏகேஜி டி112 என்ற ஒலிவாங்கியும் இந்தப் பணிக்கு உரியது.

மேடைக்கான தேர்வு

மேடையில் டிரம்மின் ஒலி நேரடியாகவே அவையினரை எட்டும். சிறிய அரங்கில் சிம்பல்களுக்கு ஒலிவாங்கியே தேவைப்படாது. முதலில் வலுவிழப்பது கிக்கின் ஆழம். அடுத்தது ஸ்னேரின் தெளிவு. ஆகவே இரண்டு ஒலிவாங்கிகள் மட்டுமே வாங்க முடிந்தால், கிக்குக்கு ஒன்றும் ஸ்னேருக்கு ஒன்றும் வாங்குவது பொருத்தம்.

மேடையின் பெரிய இடையூறு, ஒலிபெருக்கியின் ஒலி மீண்டும் ஒலிவாங்கிக்குள் புகுந்து எழும் ஊளைச் சத்தம். முன்புற ஒலியை மட்டும் பெரிதும் ஏற்கும் ஒலிவாங்கிகள் இதைக் குறைக்கும. கார்டியாய்டு வகை தனக்கு நேர் பின்னாலிருந்து வரும் ஒலியை மிகக் குறைவாக ஏற்கும். சூப்பர் கார்டியாய்டு வகை முன்புறத்திலிருந்து ஏறத்தாழ 126 பாகை விலகிய திசைகளில் மிகக் குறைவாக ஏற்கும். வாசிப்பவருக்கு அருகில் உள்ள ஒலிபெருக்கியை இந்தத் திசைகளில் அமைத்தால் ஊளை குறையும். ஸ்னேர் ஒலிவாங்கியின் பின்புறம் ஹை-ஹாட்டை நோக்கி இருந்தால் அதன் ஒலிக் கசிவும் குறையும்.

டாம்களின் விளிம்பில் கவ்வும் சிறிய ஒலிவாங்கிகளும் உண்டு. சென்ஹைசர் இ604 அவ்வகையைச் சேர்ந்தது. தனியாகத் தாங்கிகள் வேண்டாம் என்பதால் நெருக்கடியான மேடைக்கு இவை வசதி.

ஒலிப்பதிவுக்கான தேர்வு

ஒலிப்பதிவில் வரிசை மாறுகிறது. இங்கே முதலில் வேண்டியது முழு டிரம் செட்டின் ஒலிச்சித்திரம். அதைத் தருபவை தலைக்கு மேலே வைக்கப்படும் இரண்டு ஒலிவாங்கிகள். கிக், ஸ்னேர் ஒலிவாங்கிகள் அந்தச் சித்திரத்துக்கு அழுத்தம் சேர்க்கும்.

இங்கிலாந்தின் ஒலிப்பதிவாளர் கிளின் ஜான்ஸின் பெயரால் அறியப்படும் முறை இதற்குச் சான்று. அதில் ஓர் ஒலிவாங்கி ஸ்னேருக்கு மேலேயும், மற்றொன்று தரையில் நிற்கும் டாம் டிரம்மின் பக்கத்திலும் வைக்கப்படும். இரண்டும் ஸ்னேரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். கிக்குக்கும் ஸ்னேருக்கும் ஒவ்வொன்று சேர்த்து மொத்தம் நான்கு.

லெட் செப்பலின் இசைக்குழு 1971இல் வெளியிட்ட 'வென் தி லெவி பிரேக்ஸ்' என்ற பாடலுக்கு ஜான் பான்ஹாம் வாசித்த டிரம், ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையின் மாடிப்படிக் கூடத்தில் பதிவு செய்யப்பட்டது. படிகளின் மேலே தொங்கவிடப்பட்ட இரண்டு பேயர்டைனமிக் எம்160 ஒலிவாங்கிகளே அந்தப் பெரிய ஒலியைப் பிடித்தன. கூடத்தின் எதிரொலியும் அந்த ஒலியின் ஒரு பகுதி. அறை நன்றாக அமைந்தால் குறைந்த ஒலிவாங்கிகளே போதும் என்பதை இது காட்டுகிறது.

எண்ணிக்கை கூடுவதால் வரும் சிக்கல்

ஒரே அடியின் ஒலி வெவ்வேறு ஒலிவாங்கிகளை வெவ்வேறு நேரத்தில் அடைகிறது. ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். 200 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 1.7 மீட்டர், அதில் பாதி 86 சென்டிமீட்டர். ஸ்னேரிலிருந்து இரண்டு ஒலிவாங்கிகளின் தூரங்கள் 86 சென்டிமீட்டர் வேறுபட்டால், ஒன்றில் அலையின் முகடு பதிவாகும் வேளையில் மற்றொன்றில் அகடு பதிவாகும். இரண்டையும் கலக்கும்போது அந்த அதிர்வெண் தேய்ந்து, ஸ்னேர் மெலிந்து ஒலிக்கும். விலை உயர்ந்த ஒலிவாங்கிகளாலும் இதைத் தவிர்க்க முடியாது. ஓர் அளவு நாடாவால் முடியும்.

அருகருகே உள்ள ஒலிவாங்கிகளுக்கு மூன்றுக்கு ஒன்று என்ற விதி உதவும். டாமிலிருந்து ஒலிவாங்கி 5 சென்டிமீட்டரில் இருந்தால், அடுத்த ஒலிவாங்கி அதிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஸ்னேருக்கு மேலும் கீழும் ஒலிவாங்கி வைத்தால், ஒன்றின் அலையை மிக்சரில் தலைகீழாக்க வேண்டும். மேல்தோல் ஒன்றை விட்டு விலகும்போது கீழ்த்தோல் மற்றொன்றை நோக்கி நகர்வதே இதற்குக் காரணம்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

1. உள்ளீடுகள்: மிக்சர் அல்லது ஆடியோ இன்டர்ஃபேஸில் நான்கு உள்ளீடுகளே இருந்தால், ஏழு ஒலிவாங்கிகள் கொண்ட பெட்டியில் மூன்று பயன்படாமல் கிடக்கும்.

2. தாங்கும் உரப்பு: ஸ்னேருக்கு அருகில் ஒலி 120 டெசிபலையும் தாண்டக்கூடும். ஒலிவாங்கியின் உச்ச அளவு அதைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

3. துணைப் பொருள்கள்: தாங்கிகள், கேபிள்கள், கவ்விகள் ஆகியவற்றின் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

4. போலிகள்: புகழ்பெற்ற ஒலிவாங்கிகளின் போலிகள் சந்தையில் உலவுகின்றன. நம்ப முடியாத அளவு மலிவாக விற்கப்பட்டால் ஐயம் கொள்ள வேண்டும்.

5. தனித்தனியே வாங்குதல்: மலிவான பெரிய தொகுப்புகளில் தலைக்கு மேலே வைக்கும் ஒலிவாங்கிகள் தரம் குறைந்திருப்பது உண்டு. கிக்குக்கும் ஸ்னேருக்கும் நல்லவற்றை முதலில் வாங்கி, பணம் சேரும்போது மற்றவற்றைச் சேர்க்கலாம். ஷூர் டிஎம்கே57-52 என்ற தொகுப்பில் மூன்று எஸ்எம்57, ஒரு பீட்டா 52ஏ என நான்கு ஒலிவாங்கிகளே உள்ளன. அவை பிற கருவிகளுக்கும் பயன்படும்.

ஒலிவாங்கியை மாற்றுவதற்கு முன் டிரம்மின் சுருதியைச் சரிசெய்ய வேண்டும். தளர்ந்த தோலின் ஒலியை நல்ல ஒலிவாங்கி தளர்ந்த ஒலியாகவே எடுத்துக்காட்டும்.