ஆவடி டாங்கியும் நியூட்டன் விதிகளும்

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவான அர்ஜுன் டாங்கியின் முதல் வகை ஏறத்தாழ 58.5 டன் நிறை கொண்டது என்பதால், ஓய்வையோ இயக்கத்தையோ தானாக மாற்றிக்கொள்ளாத இயல்பாகிய நிலைமத்தை விளக்க அதைவிடப் பொருத்தமான சான்று சென்னையின் மேற்குப் புறநகரில் கிடைப்பது அரிது. அதன் வேகத்தை ஒவ்வொரு நொடியிலும் நொடிக்கு அரை மீட்டர் கூட்ட வேண்டுமானால், நிறையை முடுக்கத்தால் பெருக்கிவரும் 29,250 நியூட்டன் விசை, உராய்வு போன்ற தடைகளைக் கழித்த பின்னும் எஞ்சியிருக்க வேண்டும். பலரும் எண்ணுவதுபோல அவ்விசையை எஞ்சின் நேரடியாகத் தருவதில்லை. எஞ்சின் சுழற்றும் சங்கிலிப் பட்டைகள் தரையைப் பின்னோக்கித் தள்ள, தரை அதே அளவு விசையால் டாங்கியை முன்னோக்கித் தள்ளுகிறது என்பதே நியூட்டனின் மூன்றாம் விதி.

விசையின் திசையில் பொருள் நகர்ந்தால்தான் இயற்பியலில் அது வேலையாகும். நின்ற டாங்கியைப் பத்துப் பேர் வியர்க்க வியர்க்கத் தள்ளியும் அது அசையாவிட்டால், அதன்மீது செய்யப்பட்ட வேலை சுழியே. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 7.3 லட்சம் ஜூல்; வேகம் இரட்டித்து 36 கிலோமீட்டராகும்போது ஆற்றல் நான்கு மடங்காகி 29 லட்சம் ஜூலைத் தாண்டுவதால், அதே தடுப்பு விசையைக் கொண்டு நிறுத்த நான்கு மடங்கு தொலைவு தேவைப்படுகிறது; பூந்தமல்லி நெடுஞ்சாலையில் விரையும் லாரிக்கும் பேருந்துக்கும் இதே கணக்குதான்.