கூட்டம் முடியப் போகிறது, நம் கேள்வி போய்ச் சேர்ந்ததா?



ஆண்டு இறுதி வந்தாலே மாநிலச் சட்டமன்றத்தில் வரவு செலவுக் கூட்டம். சாலைக்கு இத்தனை கோடி, வெள்ளத் தடுப்புக்கு இத்தனை கோடி என்று பேப்பரில் பக்கம் பக்கமாக வரும். லயத்து வாசலில் உட்கார்ந்து படிக்கும் நம் ஆட்கள், "இதுல நமக்கு என்னா இருக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். வேலை, சம்பளம் என்றால் யூனியன். பெரிய விஷயம் என்றால் நாடாளுமன்றம். சட்டமன்ற உறுப்பினர் என்றால் திருவிழாவில் மாலை, தீபாவளிக்கு அரிசி மூட்டை, சாவு வீட்டுக்குக் கூடாரம். பல தோட்டங்களில் இந்தக் கணக்குத்தான் இன்னமும் ஓடுகிறது.

கணக்கு தப்பு. சம்பளம் மத்திய அரசின் கையில் இருப்பது உண்மைதான். 2022 மே மாதம் 1,500 வெள்ளியாக இருந்த குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளி ஆனதே, அதில் சட்டமன்றம் ஒரு காசு கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஆனால் நாம் படுத்துறங்கும் மண் யார் கையில் இருக்கிறது? நாட்டின் அரசியல் சட்டத்தில் நிலம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மந்திரி பெசாரும் ஆட்சிக்குழுவும் உட்கார்ந்து பேசுகிற மேசையில்தான் தோட்டத்தின் தலையெழுத்து எழுதப்படுகிறது.

எப்படி என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறோம். தோட்ட நிலத்தின் கிராண்டில் 'பெர்த்தானியான்', அதாவது விவசாய நிலம் என்று போட்டிருக்கும். அதில் வீட்டு மனை போட வேண்டும், கடை கட்ட வேண்டும் என்றால் முதலாளி தன் இஷ்டத்துக்குக் கட்டிவிட முடியாது. 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி, நிலத்தின் வகையை 'பங்குனான்' என்று மாற்றித் தரும்படி நில அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். அந்த மனு மாநில அரசின் முடிவுக்குப் போகும். அந்த நேரத்தில் மாநில அரசு நினைத்தால், "முதலில் இத்தனை தொழிலாளர் குடும்பத்துக்கு வீடு, அதற்குப் பிறகுதான் உன் மனை" என்று நிபந்தனை வைக்கலாம். கையெழுத்து விழுந்த பிறகு கேட்பது, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்கிற கதைதான்.

இன்னொரு பூட்டும் சட்டத்தில் இருக்கிறது. 40 ஹெக்டர், அதாவது ஏறக்குறைய 100 ஏக்கர், அல்லது அதற்கு மேலுள்ள தோட்டத்தை இரண்டு மூன்று பேருக்குக் கூறு போட்டு விற்பதற்குத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். நிலச் சட்டத்தின் 214-ஏ பிரிவு இது. ஐம்பது, அறுபதுகளில் தோட்டத் துண்டாடலால் நம் அப்பா அம்மா தலைமுறை மூட்டை முடிச்சோடு ரோட்டுக்கு வந்த பிறகுதான் இந்தப் பூட்டு வந்தது. அந்தத் துண்டாடலைப் பார்த்துத்தான் துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டி, கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலில் வாங்கியவர்கள் பால் வெட்டிய நம் ஆட்கள்தான். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இன்னொரு வாரம் பார்ப்போம்.

சிலாங்கூரில் கோல சிலாங்கூர்ப் பக்கம், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்து ஐந்து தோட்டங்களின் கதை நம்மில் பலருக்குத் தெரியும். மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார். 245 குடும்பங்கள். தோட்டம் கை மாறியது, வேலை போனது, வீடு தருகிறோம் என்ற பேச்சு மட்டும் வருஷக்கணக்கில் நின்றது. சின்னப் பிள்ளையாக அந்தப் பேச்சைக் கேட்டவர்களுக்கே பிள்ளைகள் பிறந்து வளர்ந்துவிட்டார்கள். கடைசியில் மத்திய அரசும் மாநில அரசும் பணம் போட முன்வந்த பிறகுதான் தரை வீட்டுத் திட்டம் உருவானது. அத்தனை வருஷமும் அந்த மக்கள் கூட்டம் போட்டார்கள், மனுக் கொடுத்தார்கள், விடவில்லை. நிலம் கை மாறிய நாளிலேயே வீட்டைப் பற்றி நிபந்தனை எழுதியிருந்தால் இவ்வளவு காலம் ஆகியிருக்குமா என்றுதான் நாம் கேட்கிறோம்.

நஷ்ட ஈடு வாங்கிக்கொண்டு வெளியே வீடு பார்த்துக்கொள்ளலாமே என்று சிலர் பேசுகிறார்கள். 1980-ஆம் ஆண்டு ஆட்குறைப்பு விதிகளின்படி ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருஷத்துக்கு 20 நாள் சம்பளம். இருபத்தைந்து வருஷம் உழைத்தவருக்கு 500 நாள் சம்பளம் வரும். அதை வைத்து எந்தத் தாமானில் வீடு வாங்குவது? முன்பணம் கட்டவும் பிள்ளை படிப்புக்கும் சரியாகப் போய்விடும். ஓய்வு வயது வந்து நின்றவருக்கு அதுவும் கிடையாது. மகன் பெயரிலுள்ள லயத்து வீட்டில் ஓரமாக இருக்கும் கிழவன் கிழவிக்கு, மகனுடைய வேலை போன அன்றே கூரையும் போகிறது.

அண்மையில் ஒரு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டிருந்தோம். பென்ஷன் வயசைத் தாண்டிய ஒரு அக்கா எழுந்து, "ஒய்.பி. வந்தா எங்க வீட்டுக்கு கிராண்டு எப்ப வரும்னு கேளுங்கப்பா. அரிசிய நாங்க கடையில வாங்கிக்கிறோம்" என்றார். பின்னால் இருந்த ஆண்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது வட்டாரச் சேதிக்கு வருவோம். குப்பை லாரி தோட்டத்து வாசலோடு திரும்பிவிடுகிறது, தெருவிளக்கு எரியவில்லை, மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது என்று கடிதங்கள் வருகின்றன. ஊராட்சி மன்றத்தில் கேட்டால், "தனியார் நிலம், நாங்கள் கை வைக்க முடியாது" என்பார்கள். நிர்வாகத்தில் கேட்டால் மன்றத்தைக் காட்டுவார்கள். ஊராட்சித் தேர்தல் 1965-ல் நிறுத்தப்பட்டது; 1976 சட்டம் அதற்கு முடிவே கட்டிவிட்டது. கவுன்சிலர்களை நியமிப்பது மாநில அரசு. ஆகவே கவுன்சிலர் காது கொடுக்காவிட்டால் சட்டமன்ற உறுப்பினரிடம்தான் போக வேண்டும். சிலாங்கூரில் இந்தியச் சமூகத் தலைவர்களையும் மாநில அரசே நியமிக்கிறது. உங்கள் பகுதிக்கு யார் என்று கேட்டு, பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் விஷயம். சிலாங்கூரில் 2008 முதல் 20 கன மீட்டர் இலவசமாகக் கிடைத்தது. 2020 மார்ச்சிலிருந்து அது வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும், அதுவும் மனுப் போட்டால்தான். தோட்டத்தை விட்டு வெளியே குடியேறிய நம் பிள்ளைகள் பலர் மனுவே போடவில்லை. தோட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு வேறு கணக்கு: வேலை செய்பவருக்குக் குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுப்பது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டு வீடு வசதிச் சட்டம் சொல்கிறது. தண்ணீர்க் காசு என்று சம்பளத்தில் பிடித்தால் சம்பளச் சீட்டோடு யூனியன் கிளைக்கு வாருங்கள்.

சரி, கூட்டம் முடியப் போகிற இந்த நேரத்தில் என்ன செய்வது? வாய்மொழிக் கேள்விகளை உறுப்பினர்கள் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் கொடுத்தாக வேண்டும். இந்தக் கூட்டத்துக்கு அந்த வாசல் மூடிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வரவு செலவு விவாதத்தில் உறுப்பினர் எழுந்து தன் தொகுதிக் குறைகளைப் பேசலாம். ஒரு தொடருக்கும் அடுத்த தொடருக்கும் நடுவே ஆறு மாதத்துக்கு மேல் விடக்கூடாது என்று சட்டமே சொல்வதால் அடுத்த கூட்டமும் தூரத்தில் இல்லை. இப்போதே கடிதத்தைக் கொடுத்து வைத்தால் அதற்காவது கேள்வியாகும்.

"எங்கள் குறையைத் தீர்த்து வையுங்கள் ஐயா" என்று எழுதினால் போதாது. அப்படி எழுதிய கடிதங்கள் சேவை மையத்து அலமாரியில் தூங்குகின்றன. நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் 'சாரியான்' எடுக்கலாம். நிலத்தின் வகை, உரிமையாளர் பெயர், வங்கியில் அடமானம் இருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியும். கிராண்டு எண்ணும் லோட் எண்ணும் கடிதத்தில் இருக்கட்டும். எத்தனை குடும்பம், எத்தனை பேர் ஓய்வு பெற்றவர்கள், தமிழ்ப்பள்ளியும் கோயிலும் யாருடைய நிலத்தில் நிற்கின்றன என்பதையும் எழுதுங்கள். ஆசிரியரும் பாடமும் புத்ராஜெயாவின் பொறுப்பு என்றாலும், தோட்டம் போனால் பள்ளிக்கு மாற்று நிலம் தேடி மாநிலத்திடம்தான் நிற்க வேண்டியிருக்கும். கேள்வி ஒன்றே ஒன்று போதும்: "இந்த நிலத்தின் வகையை மாற்ற மனு வந்திருக்கிறதா? வந்திருந்தால் தொழிலாளர் வீட்டுக்கு என்ன நிபந்தனை?"

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. 2021 டிசம்பரிலிருந்து பதினெட்டு வயது ஆனால் தானாகவே வாக்காளர். ஆனால் அடையாளக் கார்டில் எந்த முகவரியோ அந்த ஊரில்தான் ஓட்டு. இடித்துப் போட்ட தோட்டத்தின் முகவரி இன்னும் கார்டில் இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

கடிதத்தைச் சேவை மையத்தில் கையில் கொடுங்கள். நகலில் தேதியோடு சாப் வாங்காமல் திரும்பாதீர்கள். அந்த நகலில் ஒன்றை யூனியன் கிளையிலும் கொடுத்துவிடுங்கள். அடுத்த கூட்டத்தில் கேள்வி வந்ததா, என்ன பதில் வந்தது என்பதை இதே பக்கத்தில் எழுதுவோம்.