தைக்கோ: திரையைப் பார்த்து அடிக்கும் முரசு

ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 2001ஆம் ஆண்டில் விளையாட்டுக்கூடங்களுக்காக வெளியிட்ட ‘தைக்கோ நோ தத்சுஜின்’, திரையில் வலமிருந்து இடமாக நகரும் குறிகளுக்கேற்பத் தாளம் தவறாமல் முரசடிக்கும் ஆட்டமாகும். சிவப்புக் குறிக்கு முரசின் முகத்திலும் நீலக் குறிக்கு விளிம்பிலும், பெரிய குறிக்கு இரு கோல்களாலும் ஒருசேர அடிக்க வேண்டும். 2002இல் பிளேஸ்டேஷன் 2 பதிப்புக்கென ‘தாதாகோன்’ என்னும் சிறு முரசு வீடுகளுக்கு வந்தது.

மலேசியாவின் அம்பாங் போன்று அடுக்குமாடி வீடுகள் மிகுந்த இடங்களில் இவ்வாட்டத்துக்கான கருவியைத் தேர்வோர் கோலடி கீழ்வீடு வரை கேட்பதையும் எண்ணியாக வேண்டும். முரசுக்கு மாற்றான பொத்தான் கைப்பிடி பெரிதும் ஓசையற்றது. எனினும் கை ஓங்கி இறங்கும் அசைவே தாளத்தை உடலில் பதிப்பதால், தடித்த விரிப்பின் மேல் வைத்த முரசே மேலான தேர்வு. தொலைக்காட்சி படத்தைச் சற்றுத் தாமதமாகக் காட்டினால் சரியான அடியும் தவறாகப் பதிவாகும் என்பதால், இந்த நேர வேறுபாட்டை முதலில் சரிசெய்துகொள்ள வேண்டும்.

பத்துமலைத் தைப்பூசத்தில் உறுமி மேளம் கேட்டுப் பழகியோர் இதில் ஒரு குறையை உணர்வர்: வளைந்த கோலால் தோலைத் தேய்த்து எழுப்பும் உறுமியின் இழுப்பொலியை, அடியை மட்டுமே உணரும் இக்கருவிகளால் அறிய இயலாது.