வந்த வழியைக் கேட்கும் வாயில்: மின்னிதழ்களும் நூலகங்களும்

திருவனந்தபுரம் நகரம் நெடுங்காலமாக நூலகச் சிறப்புடையது. அங்குள்ள பொது நூலகம் 1829-ஆம் ஆண்டில் தோன்றியது. பல்கலைக்கழக நூலகம் 1942-ல் அமைந்தது. விண்வெளி, மருத்துவம், உயிரியல், ரசாயனம் ஆகிய துறைகளில் ஆராய்ச்சி நடத்தும் ஸ்தாபனங்கள் பல இந்நகரில் உள்ளன. இவற்றில் பணியாற்றும் விஞ்ஞானிகளுக்கு, உலகின் பல பகுதிகளில் வெளியாகும் ஆராய்ச்சி இதழ்கள் அன்றாடத் தேவையாகும்.

முன்னாளில் இவ்விதழ்கள் தபாலில் வந்து அலமாரிகளில் அடுக்கப்பட்டன. அச்சிட்ட பிரதி நூலகத்தின் உடைமையாக இருந்தது. வாயிலில் அமர்ந்த ஊழியர், உறுப்பினர் அட்டையைப் பார்த்து வாசகரை உள்ளே அனுமதித்தார். இன்றோ இதழ், வெளியீட்டாளரின் சர்வரில் கடல் கடந்து இருக்கிறது. நூலகம் விலை கொடுத்துப் பெறுவது பெரும்பாலும் பிரதியை அன்று, பார்வையிடும் உரிமையையே. ஆகவே, வந்திருப்பவர் சந்தா செலுத்திய ஸ்தாபனத்தைச் சேர்ந்தவர்தாமா என்று ஆராயும் பொறுப்பு, வாசகரை ஒருபோதும் கண்டிராத வெளியீட்டாளரைச் சார்ந்துவிட்டது.

இதற்குப் பெருவழக்கான முறை, கம்ப்யூட்டர் வலையில் ஸ்தாபனத்திற்குரிய எண் முகவரியைப் பார்த்து அனுமதிப்பதாகும். இது எளிதானது, ஆனால் வளாகத்திற்குள் இருப்போருக்கே பயன்படுவது. 2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது இதன் குறை வெளிப்பட்டது. வீட்டில் இருந்த ஆய்வாளருக்கு, தம் ஸ்தாபனம் பணம் செலுத்திய இதழே திறக்கவில்லை.

எண் முகவரிக்கு மாற்றாகச் சில வெளியீட்டாளர்கள் வேறொரு முறையைக் கையாளுகின்றனர். வாசகர் எந்த வலைப்பக்கத்திலிருந்து வந்தார் என்று பார்த்து அனுமதிப்பதே அது. ஒரு பக்கத்திலுள்ள இணைப்பை வாசகர் அழுத்தும்போது, அவருடைய உலாவி புதிய பக்கத்தை வேண்டி ஒரு கோரிக்கையை அனுப்புகிறது. முன்பிருந்த பக்கத்தின் முகவரியும் அக்கோரிக்கையின் தலைப்பில் ஒரு வரியாகச் செல்லலாம். இவ்வரிக்கு ‘ரெஃபரர்’ என்று பெயர். 1996-ல் வெளியான எச்.டி.டி.பி. விதித்தொகுப்பிலேயே இது இடம் பெற்றுவிட்டது. அப்போது இந்த ஆங்கிலச் சொல்லின் நடுவே இரட்டித்து வரவேண்டிய ‘ஆர்’ எழுத்துகளில் ஒன்று விடுபட்டுப் போயிற்று. பிழையைத் திருத்தினால் இயங்கிக்கொண்டிருக்கும் சர்வர்கள் குழம்பும் என்பதால், 2022-ல் வெளியான விதித்தொகுப்பிலும் அப்பிழையே விதியாக நிலைத்துள்ளது.

இம்முறை இயங்கும் விதம் வருமாறு. நூலகம் தன் பக்கத்தின் முகவரியை வெளியீட்டாளரிடம் பதிவு செய்கிறது. அப்பக்கத்திலிருந்து வரும் வாசகரின் கோரிக்கையில் அம்முகவரி இருக்கக் கண்டால், சர்வர் வாயிலைத் திறக்கிறது. பின்பு அவர் திறக்கும் ஒவ்வொரு கட்டுரைக்கும் முந்திய பக்கம் வெளியீட்டாளருடையதாகவே இருக்கும். ஆதலால், முதல் நுழைவின்போதே ‘குக்கி’ எனப்படும் ஒரு சிறு அடையாளக் குறிப்பை உலாவியில் பதித்து, அவ்வமர்வு முடியும் வரை அதைக் கொண்டு வாசகரை அறிந்து கொள்கிறது.

இம்முறைக்குத் தனி மென்பொருள் வேண்டுவதில்லை; செலவும் குறைவு. ஆயினும் இதன் எல்லைகளை உணர்தல் அவசியம்.

முதலாவதாக, இவ்வரி உலாவி தானே சொல்லும் ஒரு செய்தி, சான்று அன்று. வாயிற்காவலரிடம் ‘இன்னார் வீட்டிலிருந்து வருகிறேன்’ என்று ஒருவர் வாயால் கூறுவதற்கு இது ஒப்பாகும். சிறிது பயிற்சி உடையவர் எந்த முகவரியையும் இவ்வரியில் எழுதி அனுப்பலாம். மேலும், நூலகப் பக்கம் பொதுமக்கள் யாவர்க்கும் திறந்திருந்தால், அதிலுள்ள இணைப்பை அழுத்தும் எவரும் உள்ளே நுழைந்துவிடுவர். ஆகையால் அப்பக்கத்தைக் கடவுச்சொல்லுக்குப் பின்னால் வைப்பதே முறை.

இரண்டாவதாக, உரிமையுள்ளவரும் தடுக்கப்படலாம். முகவரியைத் தாமே தட்டச்சு செய்தாலும், சேமித்து வைத்த குறியிலிருந்து வந்தாலும் இவ்வரி அனுப்பப்படுவதில்லை. பாதுகாப்புள்ள பக்கத்திலிருந்து பாதுகாப்பற்ற பக்கத்திற்குச் செல்லும்போதும் உலாவிகள் வழக்கமாக இதை மறைத்துவிடுகின்றன.

மூன்றாவது காரணம் அண்மைக் காலத்தது. முந்திய பக்கத்தின் முழு முகவரியில், வாசகர் தேடிய நோயின் பெயர் போன்ற அந்தரங்கச் செய்திகள் இருத்தல் கூடும். அவை அயலாரிடம் செல்லாதிருக்கும் பொருட்டு, 2020-ல் குரோம் உலாவியும் 2021-ல் பயர்பாக்ஸ் உலாவியும் தம் வழக்கத்தை மாற்றிக்கொண்டன. அதன்பின் பிற தளங்களுக்குத் தளத்தின் பெயர் மட்டுமே செல்கிறது. பக்கத்தின் பெயர் செல்வதில்லை. நூலகம் முழு முகவரியைப் பதிவு செய்திருந்தால், இரண்டும் பொருந்தாமல் வாயில் மூடிக்கொள்ளும். வாசகரோ சந்தா தீர்ந்துவிட்டது என்று எண்ணித் திரும்பிவிடுவார்.

இதற்குப் பரிகாரம் உண்டு. கடவுச்சொல்லுக்கு உட்பட்ட இணைப்புப் பக்கத்திற்கென நூலகம் ஒரு தனித் தளப்பெயரை ஒதுக்கி, அப்பெயரை மட்டும் பதிவு செய்தல் சிறந்தது. அது இயலாவிடில், அந்த ஒரு பக்கத்தில் மட்டும் முழு முகவரியை அனுப்புமாறு உலாவிக்குக் கட்டளையிடலாம். வாசகரின் தேடற் சொற்கள் அம்முகவரியில் கலவாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றொரு நுட்பமும் கவனிக்கத்தக்கது. கடவுச்சொல்லைச் சரிபார்த்தவுடன் நூலகச் சர்வர் வாசகரை நேரே வெளியீட்டாளரிடம் திருப்பிவிட்டால், உலாவி அதற்கு முந்திய பக்கத்தையே குறிப்பிடும். எனவே இடையில் ஒரு பக்கத்தைத் தோன்றச் செய்து, அங்கிருந்து வாசகரை அனுப்புதல் வேண்டும்.

நாளடைவில் உறுதியான முறைகள் பரவி வருகின்றன. நூலகச் சர்வரே வாசகருக்காக இதழைப் பெற்றுத் தரும் ‘ப்ராக்ஸி’ முறை அவற்றுள் ஒன்று. கிறிஸ் ஜாகர் என்னும் அமெரிக்க நூலகர் 1999-ல் இதற்கென ‘ஈஸி ப்ராக்ஸி’ என்ற மென்பொருளை ஆக்கினார். ஸ்தாபனமே தன் உறுப்பினரைச் சரிபார்த்து, மின் ஒப்பமிட்ட சான்றை வெளியீட்டாளருக்கு அனுப்பும் கூட்டு அனுமதி முறை மற்றொன்று. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்னெட் மையம் நம் நாட்டில் இதை ‘இன்ஃபெட்’ என்ற பெயரால் நடத்துகிறது. இவற்றில் வாசகரின் வாய்ச்சொல்லுக்கு மாறாக, அவர் சார்ந்த ஸ்தாபனத்தின் உறுதிமொழியே ஏற்கப்படுகிறது.

இது நூலகருக்கு மட்டும் உரிய சிறு செய்தியன்று. மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. 30 வெளியீட்டாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசுக் கல்வி, ஆராய்ச்சி நிலையங்களுக்கு வழங்கவென, 2025 முதல் 2027 வரையிலான மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. இப்பெருஞ்செலவின் பயன், இறுதியில் ஒரு மாணவர் ஓர் இணைப்பை அழுத்தும் கணத்தில்தான் கைகூடுகிறது. அக்கணத்தில் வாயில் திறவாவிடில், செலுத்திய பொருள் அவரளவில் வீணே. தத்தம் நூலகத்தின் இணைப்புகள் வளாகத்திற்கு வெளியிலிருந்தும், புதிய உலாவிகளிலும் திறக்கின்றனவா என்று அவ்வப்போது சோதித்துப் பார்ப்பது, அலமாரியில் உள்ள நூல்களைக் கணக்கெடுப்பதற்கு நிகரான கடமையாகும்.